இன்கியூபேட்டரில முழுசா வளந்த குஞ்சு பொரிக்காம உள்ளயே சாகுது, ஏன்?

தெஹிவளைத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஓன்லைன்ல எடுத்த சின்ன சைனா இன்கியூபேட்டர் ஒண்டு இருக்கு, முட்டையத் தானாத் திருப்புற டைப், உள்ளுக்க ஃபேனும் இருக்கு. வவுனியாவில ஊர்க்கோழி வளக்கிற சொந்தக்காரர் ஒராள் குடுத்துவிட்ட முட்டைதான் அடை வைச்சனான், சேவலோட நிண்ட கோழியள், கடை முட்டை இல்லை. ஏழாம் நாள் டோர்ச் அடிச்சுப் பாக்கேக்க நரம்பெல்லாம் சிவப்பா வடிவாத் தெரிஞ்சுது, 18ஆம் நாளும் உள்ளுக்க அசைவு இருந்தது. ஆனா 21 தாண்டியும் ரெண்டே ரெண்டு குஞ்சுதான் வெளிய வந்தது. மிச்சத்த உடைச்சுப் பாத்தா முழுக் குஞ்சு, இறகெல்லாம் முளைச்சு, கோதில ஒரு கீறல்கூடப் போடாம செத்துக் கிடக்கு, சிலதில வழுவழு எண்டு தண்ணி ஒழுகுது. மெஷின் 37.8 எண்டுதான் காட்டினது. கூட வந்த தாளில முதல் நாளில இருந்தே தண்ணிக் குழிய நிரப்பச் சொல்லிக் கிடக்கு, அப்பிடித்தான் நிரப்பிக்கொண்டு வந்தனான். எங்க பிழைச்சிருக்கும்?

கொட்டாஞ்சேனை கூடு:
அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க தம்பி, தண்ணிதான் வில்லன். முட்டை அடையில இருக்கிறப்போ கோது வழியா கொஞ்சம் கொஞ்சமா ஈரம் போகணும், 18 நாளைக்குள்ள எடையில நூத்துக்குப் பன்னிரண்டு அளவு குறையணும், அப்பதான் அகலமான முனையில இருக்கிற காத்து அறை பெருசாகும், குஞ்சு முதல் மூச்சை அதுக்குள்ள தலையை விட்டுத்தான் இழுக்கும், அதுக்குப் பிறகுதான் கோதைக் கொத்தும். ஈரம் போகாட்டி அறை சின்னதாவே இருக்கும், குஞ்சு ஊதிப்போய் திரும்ப இடமில்லாம உள்ளயே மூச்சு முட்டிச் செத்துரும். நீங்க பாத்த தண்ணி அதுதான்.

தாள் எழுதினவன் கொழும்ப நினைச்சு எழுதல. இங்க வெளிக்காத்து 28 டிகிரி, ஈரப்பதம் 80 கிட்டன்னு வைங்க, அதே காத்தை 37.5க்குச் சூடாக்கினா ஒரு சொட்டு தண்ணி ஊத்தாமலே உள்ள ஈரப்பதம் 45, 50 வந்துரும். முதல் 18 நாளைக்கு அதுவே போதும். நான் 18 வரைக்கும் தண்ணியே ஊத்துறதில்ல. 18இல திருப்புறதை நிப்பாட்டிட்டு அப்பதான் குழியை நிரப்புவேன், கடைசி மூணு நாளைக்கு 65, 70 வேணும், இல்லாட்டி சவ்வு காஞ்சு குஞ்சில ஒட்டிக்கும்.

வெள்ளவத்தை அக்கா:
கூடு அண்ணா சொல்றது சரிதான், ஆனா மெஷினை ஏசி ரூமில வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது சரிவராது. ஏசி காத்து காஞ்சது, அத சூடாக்கினா ஈரப்பதம் 25க்கும் இறங்கிப்போகும், அங்க தண்ணி ஊத்தாட்டி ஈரம் அளவுக்கு மேல போய் மற்றப் பக்கத்தால பிழையாகும். தம்பி, உங்கட மெஷின் எங்க நிக்குது?

இன்னொண்டு, மெஷினில வாற மீட்டரை அப்பிடியே நம்பாதேங்கோ. ஒரு போத்தல் மூடியில உப்பைப் போட்டு, கரையாம சகதியா இருக்கிற அளவுக்குத் தண்ணி விட்டு, ஈரப்பத மீட்டரோட சேத்து ஒரு ஸிப் பையில போட்டு இறுக்கி மூடி வையுங்கோ. அடுத்த நாள் 75 காட்டோணும். 68 காட்டினா அந்த மீட்டர் 7 குறைச்சுக் காட்டுது எண்டு கணக்கு வைச்சுக்கொள்ளுங்கோ. வெப்பத்துக்குக் காய்ச்சல் பாக்கிற தெர்மாமீட்டர வைச்சு ஒத்துப்பாக்கலாம். மீட்டரே வேண்டாம் எண்டா சின்ன டிஜிட்டல் தராசு போதும், வைக்கேக்க 50 கிராம் இருந்த முட்டை 18ஆம் நாளில 44 கிட்ட நிக்கோணும்.

தெஹிவளைத் தம்பி:
ஏசி இல்லை அக்கா, ஹோலில கடல் பக்க யன்னலுக்குக் கிட்ட நிக்குது. மேல் மூடியில இருக்கிற ஓட்டையையும் சூடு போகாம இருக்கட்டும் எண்டு டேப் ஒட்டி வைச்சிருக்கு, அதுவும் பிழையோ?

கொட்டாஞ்சேனை கூடு:
அய்யோ, அதை முதல்ல பிச்சு எடுங்க. கடைசி வாரம் உள்ள இருக்கிற ஒவ்வொண்ணும் மூச்சு விடுற உயிர், காத்து வேணும், ஈரமும் அந்த ஓட்டை வழியாத்தான் வெளிய போகணும். யன்னல் பக்கத்தில இருந்தும் மாத்துங்க, பின்னேர வெயில் அடிச்சா மெஷின் ஓவரா சூடாகிரும், முட்டைக்குச் சூடு கூடுறதுதான் ஆபத்து, கொஞ்ச நேரம் ஆறுறது அவ்வளவு பெரிய விஷயமில்ல. கரண்ட் போனா மூடியைத் திறக்காம ஒரு தடிச்ச துவாயை மேல போட்டு, ஓட்டையை மட்டும் விட்டுருங்க. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, அந்த மாதிரி வந்தா இன்கியூபேட்டரை மறந்துட்டு அடைக்கோழி ஒண்ணைத்தான் தேடணும்.

தெஹிவளைத் தம்பி:
நன்றி அண்ணா, அக்கா. அடுத்த முறை 18 வரைக்கும் தண்ணி இல்லாமத்தான். இப்ப வந்த ரெண்டும் பல்புக்குக் கீழ பெட்டியில நிக்குதுகள், நேற்று இரவு பொரிச்சது, இன்னும் ஒண்டும் தின்னேல்ல, பயமாக் கிடக்கு.

வெள்ளவத்தை அக்கா:
பயப்பிடாதேங்கோ, வயித்துக்குள்ள மஞ்சள் கரு இருக்கு, ஒரு நாள் தாண்டியும் அதுல ஓடும். தண்ணியக் குடுங்கோ, ஆழமில்லாத தட்டில, இல்லாட்டி அதுக்குள்ளயே விழுந்திடுங்கள். பிறகு குஞ்சுத்தீன், முதல் வாரம் பல்புக்குக் கீழ 33, 34 டிகிரி. பல்புக்கடியில குவிஞ்சு நிண்டா குளிருது, விலகிப் போய் வாயைத் திறந்துகொண்டு நிண்டா சூடு கூடிப்போச்சு. ஆனா ரெண்டில ஒண்டு சேவலா இருந்தா பிளட்ஸில என்ன செய்யப் போறியள் எண்டு இப்பவே யோசியுங்கோ, எங்கட பக்கத்து வீட்டு ஆன்ரி விடிய நாலு மணிக்கே வந்து கதவத் தட்டினவ.