அவசரம்: பச்சோந்தி கண் திறக்குதில்லை, என்ன மருந்து?

முல்லைப்_பெடியன்:
வணக்கம். வீட்டில் நிற்கிற பச்சோந்திக்குச் சுகமில்லை. நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை, தீனும் எடுக்கவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்? கெதியாகச் சொல்லுங்கோ, தம்பி அழுதுகொண்டு நிற்கிறான்.

குளக்கட்டு:
படம் போடுங்கோ. ஒரு கண்ணா, இரண்டுமா? வீங்கியிருக்கா, உள்ளே குழி விழுந்திருக்கா? எதற்குள் வைத்திருக்கிறீர்கள்? என்ன தீன்? தண்ணீர் எப்படி? இது ஒன்றும் தெரியாமல் மருந்து சொல்ல ஏலாது.

வயல்காரன்:
கல்சியம் காணாது. வேறொன்றும் இல்லை. முட்டைக்கோதை மாவாக இடித்து, வெட்டுக்கிளியில் பிரட்டிக் கொடுங்கோ.

கானகன்:
இதே கேள்விக்கு இந்தக் குழுவில் எத்தனை தரம் எழுதிவிட்டேன். தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. முதலில், அது பச்சோந்திதானா? பச்சை ஓணானைப் பிடித்து வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் இங்கே அதிகம். பச்சோந்திக்கு வால் நுனி சுருளும், கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். விரல்கள் ஒட்டி இரண்டு கட்டாக இருக்கும்: முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு. பின்காலில் அது மாறி வரும். பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்தது, இலங்கையில் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

முல்லைப்_பெடியன்:
பச்சோந்திதான், வால் சுருளுது. தம்பி ரோட்டில் கண்டு எடுத்து வந்தவன். பழைய மீன்தொட்டிக்குள் நிற்குது. தண்ணீர் போத்தல் மூடியில் வைத்திருக்கு, குடிக்கிறதைக் காணவில்லை. இரண்டு கண்ணும்தான்.

குளக்கட்டு:
வீக்கமா, குழியா என்று இன்னும் சொல்லவில்லை.

ஊர்க்குருவி:
மூடித் தண்ணீர் என்றதுமே விளங்குது. பச்சோந்திக்குத் தேங்கி நிற்கிற தண்ணீர் தண்ணீராகவே தெரியாது. இலையில் பனியோ மழையோ பட்டுத் துளி மினுங்கினால்தான் குடிக்க வரும். மூடியை எவ்வளவு கிட்ட வைத்தாலும் தாகத்தோடு பக்கத்திலேயே இருக்கும். கண் உள்ளே போயிருந்தால், எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்தால், உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று எடுக்கலாம். செவ்வரத்தைச் செடி இருந்தால் அதில் ஏற்றிவிட்டு, இலைகளில் மெதுவாகப் பனிப்புகார் போலத் தண்ணீர் தெளியுங்கள். அவசரப்படாமல் தெளித்துக்கொண்டே இருங்கள். முதலில் அசையாது. பிறகு தொண்டை ஏறி இறங்கும், நாக்கு நுனி இலை ஓரத்துத் துளியைத் தொடும். வாயைப் பிளந்து மட்டும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழல் வாசல் வாய்க்குள்ளேதான் இருக்கு, தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

மாங்குளம்_சந்தி:
அம்மாவுக்குக் கண்புரை வெட்டின பிறகு தந்த சொட்டு மருந்து மிச்சம் இருக்கும்தானே எல்லா வீட்டிலும். அதில் ஒரு சொட்டு விட்டால் சரி.

ஊர்க்குருவி:
ஐயோ வேண்டாம். அப்படியான மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்ட் இருக்கும். கண்ணில் புண் இருந்தால் கூடிப்போகும். விற்றமின் ஏ குறைந்தாலும் கண் மூடும் என்பது உண்மைதான், ஆனால் மனிசருடைய குளிசையைப் பிய்த்துக் கொடுத்தால் அளவு மிஞ்சி நஞ்சாகும். அளவை மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

வயல்காரன்:
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். மீன்தொட்டி என்று அவரே சொல்கிறார். கண்ணாடி வெயிலின் புறஊதாக் கதிரை மறித்துவிடும். அது இல்லாமல் உடம்பில் விற்றமின் டி உருவாகாது, டி இல்லாமல் தின்ற கல்சியம் எலும்பில் சேராது. கால் வளைந்திருக்கா, தாடை இறப்பர் மாதிரி வளையுதா என்று பாருங்கோ. நான் சொன்னது இதைத்தான்.

குளக்கட்டு:
அண்ணை சொல்வதில் பாதி சரி. ஆனால் பகலில் இரண்டு கண்ணும் மூடியிருப்பது பச்சோந்திக்குக் கடைசிக் கட்டம் மாதிரி. எலும்பைப் பிறகு பார்க்கலாம். மீன்தொட்டியை அப்படியே வெயிலில் தூக்கி வைத்துவிடாதீர்கள், உள்ளே வெந்துபோகும். வெளியே செடியில், பாதி நிழலில். வாயைத் திறந்தபடி மூச்சு விடுதா? மூக்கில் நுரை? இருந்தால் சளி நெஞ்சுக்குள் இறங்கியிருக்கு, அதற்கு அன்ரிபயோட்டிக் வேண்டும். வயிறு உப்பியிருந்தால் பெண்ணாக இருக்கலாம். அது மண்ணைத் தோண்டித்தான் முட்டை இடும், வெறுங் கண்ணாடித் தரையில் இட இடமில்லாமல் முட்டை அடைபட்டு நிற்கும்.

முல்லைப்_பெடியன்:
நுரை இல்லை. வயிறு ஒட்டித்தான் இருக்கு. ஆள் கறுத்துப்போய் நிற்குது.

மாங்குளம்_சந்தி:
கறுப்பு மேசையில் தொட்டியை வைத்திருந்தால் கறுக்கும்தானே. அது சூழலுக்கேற்ற நிறம் எடுக்கிற பிராணி.

கானகன்:
பாடசாலைப் புத்தகத்தோடு நின்றுவிட்டீர்கள். பின்னால் இருப்பதைப் பார்த்து அது நிறம் எடுப்பதில்லை. பயம், கோபம், சூடு, குளிர், இணை தேடல், இவைதான் காரணம். தோலுக்குள் இருக்கும் நுண்பளிங்குகளின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015 இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். நோயில் கறுப்பது பயத்தாலும் வேதனையாலும். காட்டில் விட்டிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

வயல்காரன்:
கண் திறக்காத ஒன்றைக் காட்டில் விட்டால் காகம் கொத்தித் தின்னும். வயலுக்கு வருகிற ஆனையை விரட்ட இரவிரவாக ஆனைவெடி கொளுத்திக் காவல் இருக்கிற ஆட்களுக்கு நீங்கள் காடு படிப்பிக்க வேண்டாம்.

கானகன்:
ஆனைவெடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நீங்கள் மருந்தடிக்கிற வயலில் பிடித்த வெட்டுக்கிளியைத்தானே தீனாகக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

வயல்காரன்:
எங்கள் வயலுக்கு இன்னும் மருந்தே அடிக்கவில்லை. வந்து பார்த்துவிட்டுக் கதையுங்கோ.

ஊர்க்குருவி:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். வெட்டுக்கிளி விஷயத்தில் கானகன் சொல்வது சரி, மருந்தடித்த வயல் பூச்சி வேண்டவே வேண்டாம். தம்பி, குற்றம் என்றதைக் கேட்டுப் பயந்து ஒளிக்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 க்கு அடித்து, ரோட்டில் கிடந்ததை எடுத்தோம், சுகமில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஊர் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கொண்டுபோகும்போது காற்றுத் துளையுள்ள காட்போட் பெட்டி, உள்ளே ஒரு கிளை. கையில் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள்.

குளக்கட்டு:
தண்ணீர் தெளித்தீர்களா? என்ன நடந்தது?

ஊர்க்குருவி:
தம்பி?

முல்லைப்_பெடியன்:
குடித்தது. ஒரு கண் பாதி திறந்திருக்கு. டொக்டர் பார்த்தார், நீர் வற்றினதுதான் என்றார். 1992 க்கும் அடித்தாயிற்று, பின்னேரம் வந்து எடுப்பினம். நன்றி.

வயல்காரன்:
கல்சியம் கொடுத்தனீங்களா?