50ல வேலைய விடப்போறேன், எமர்ஜிங் மார்க்கெட் ஃபண்ட் சேக்கணுமா?

சிப்காட்_ஷிஃப்ட்
வணக்கங்க. ஓசூர் சிப்காட்ல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில வேலை, வயசு 46, 50ல விட்டுட்டு காவேரிப்பட்டணம் பக்கம் சொந்த ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். அங்க ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு, முழுக்க பெங்களூரா ரக மாங்கா, குத்தகைக்கு விட்டிருக்கோம். மத்தபடி பிஎஃப், நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுல மாசா மாசம் எஸ்ஐபி, கொஞ்சம் எஃப்டி. கடன் இல்ல, பொண்ணு காலேஜுக்கு தனியா எடுத்து வச்சாச்சு. கூட வேலை பாக்கறவர் அமெரிக்கா வீடியோவா பாத்துட்டு மொத்தக் காசுல 15 பெர்சன்ட் எமர்ஜிங் மார்க்கெட் ஃபண்ட் (சீனா, தைவான் மாதிரி வளர்ற நாடுகளோட ஷேர்ல போடறது) இல்லாம ரிட்டயர் ஆகவே கூடாதுங்கறார். 35 வருஷம் இந்தக் காசுலதான் ஓட்டணும், போடலாமா, போட்டா எவ்ளோ?

காரிமங்கலம்_கணக்கு
ணா நீங்க ஏற்கனவே எமர்ஜிங் மார்க்கெட்லதான் இருக்கீங்க 😀 அந்த வீடியோ அமெரிக்காக்காரனுக்கு பேசறது. இந்த ஃபண்டுங்க பாத்து நடக்கற எம்எஸ்சிஐ எமர்ஜிங் மார்க்கெட்ஸ் இண்டெக்ஸ்ல சீனா, தைவான், இந்தியா, தென் கொரியா நாலும்தான் பெரும்பங்கு, அவன் ஊரு காசு வெளிய வர்றதுக்கு அது ஒரு வழி, ஆனா உங்களுக்கு சம்பளம், பிஎஃப், தோப்பு, நிஃப்டி எல்லாமே இந்தியாதானே, அந்த ஃபண்டுல போடற காசுல ஒரு பங்கு வெளிநாடு சுத்திட்டு திரும்ப இங்கயேதான் வரும். இங்க கிடைக்கறதும் பெரும்பாலும் ஃபண்ட் ஆஃப் ஃபண்ட், அதாவது இன்னொரு ஃபண்ட வாங்கற ஃபண்ட், அதனால செலவு ரெண்டு அடுக்கு.

2008ல சென்செக்ஸ் பாதிக்கு மேல விழுந்துச்சு, எமர்ஜிங் மார்க்கெட்ஸ் இண்டெக்ஸும் அதே வருஷம் பாதிக்கு மேல போச்சு. வேலைய விட்ட மொத ரெண்டு மூணு வருஷத்துல அப்படி ஒண்ணு வந்து, அரிசி பருப்புக்கு யூனிட்ட வித்துகிட்டே இருந்தீங்கன்னா மார்க்கெட் ஏறும்போது கூட ஏறறதுக்கு கைல யூனிட் இருக்காது. உங்க வயசுக்கு எந்த ஃபண்டுங்கறத விட இதுதான் பெரிய பயம். சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீமும் 60க்குதான், விஆர்எஸ்னா (விருப்ப ஓய்வு) 55, ஸோ 50ல இருந்து நடுவுல வர்ற வருஷங்களுக்கு செலவுக்காசு மொதல்ல எஃப்டி, போஸ்ட் ஆபீஸ்னு ஒதுக்கிடுங்க.

பென்னாகரம்_பையன்
அதெல்லாம் சரி ஆனா முழுசா வேணாம்னு சொல்றத ஒத்துக்க மாட்டேன். 2000ல இருந்து 2009 வரைக்கும் அமெரிக்காவோட எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ்ல போட்டவனுக்கு பத்து வருஷம் கழிச்சு லாபம்னு ஒண்ணும் மிச்சம் இல்ல, அதே சமயம் எமர்ஜிங் மார்க்கெட் நல்லா ஏறுச்சு, 2010க்கு அப்புறம் அப்படியே தலைகீழ். அடுத்த 35 வருஷத்துல எது ஓடும்னு யாரு கண்டா? தைவான்ல டிஎஸ்எம்சி, கொரியால சாம்சங், இந்த மாதிரி சிப் செய்யற ஒரு கம்பெனிய நம்ம நிஃப்டில காட்டுங்க பாப்போம். இந்தியாவும் சீனாவும் ஒரே பேர்ல இருக்குங்கறதுக்காக ஒரே மாதிரி ஓடும்னு இல்லையே.

கிருஷ்ணகிரி_அக்கா
பையன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, ஆனா தம்பி ரிஸ்க்க சொல்லாம விட்டுட்டான். 2022 மார்ச்ல உக்ரைன் சண்டை வந்ததும் எம்எஸ்சிஐ ரஷ்யாவ இண்டெக்ஸ்ல இருந்தே தூக்கிட்டாங்க, அதுவும் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் விலைக்கு. இறங்கினா ஏறும்னு காத்திருக்கற கதையெல்லாம் அங்க இல்ல. அதே வருஷ ஆரம்பத்துல நம்ம மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிங்க எல்லாம் சேந்து வெளிநாட்டுல போடற 7 பில்லியன் டாலர் லிமிட்ட தொட்டதால பல ஃபண்டுங்க புதுப் பணம் வாங்கறதயே நிறுத்திட்டாங்க. எஸ்ஐபி போடலாம்னு நினைக்கறப்ப கதவு தொறந்திருக்கும்னு நம்பாதீங்க.

வரிய பாருங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்தா லாபத்துல 12.5 பெர்சன்ட், அதுக்குள்ள வித்தா உங்க வருமான வரி ஸ்லாப் படி. நிஃப்டி ஃபண்டுக்கு வர்ற 1.25 லட்சம் விலக்கு இதுக்கு கிடையாது. வேலைய விட்டப்புறம் வருஷா வருஷம் விக்கறவங்களுக்கு அந்த விலக்கு நல்ல உதவிங்க, அதனால செலவுக்கு நிஃப்டில இருந்து எடுக்கறதுதான் வசதி.

எனக்கு தோணறது, வெளிநாடு வேணும்னா ரூபாய் மதிப்பு இறங்கறதுக்காக வேணும். 2010ல டாலர் 45 ரூபா சுமாருக்கு இருந்தது, இப்ப 85 தாண்டிருச்சு. அதுக்கு அமெரிக்கா ஃபண்ட் போதும், எமர்ஜிங் ஆசைப்பட்டா மொத்தத்துல 5 பெர்சன்ட் தாண்டாதீங்க.

சிப்காட்_ஷிஃப்ட்
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்ப 15 வேணாம், மொதல்ல செலவுக்காசு, அப்புறம் அமெரிக்கா 10 பெர்சன்ட், எமர்ஜிங் 3 இல்லாட்டி 5. குத்தகைக் காச வச்சு மாசச் செலவுல கால்வாசி கழிச்சிருக்கேன், அது ஓகேவா?

காரிமங்கலம்_கணக்கு
அத கழிக்காதீங்க ணா. 2025ல பெங்களூரா கிலோ அஞ்சு ரூபாய்க்கு கேக்க ஆளில்லாம ரோட்டுல கொட்டினத பாத்தோமே, கூழ் ஃபேக்டரிக்காரங்க வாங்கலன்னா குத்தகைதாரர் என்ன பண்ணுவார், காசு குறைச்சுதான் குடுப்பார். வந்தா போனஸ்னு வைங்க. போஸ்ட் ஆபீஸ் எம்ஐஎஸ்ல (மாச வருமானத் திட்டம்) நீங்களும் வீட்டுலயும் ஜாயிண்ட்டா 15 லட்சம் வரைக்கும் போடலாம், அந்த மாச வட்டிய வச்சு கணக்கு போட்டு திரும்ப போஸ்ட் பண்ணுங்க, பாக்கலாம்.