முன்னிடது சக்கர உணரியின் பிழைக்குறி: பாகத்தை மாற்றுவதா, கம்பியை அளப்பதா?

ஈரச்சாலை:
மழை பெய்யும் நாள்களில் மட்டும், வண்டி புறப்பட்டுச் சில நிமிடங்களுக்குள் டிராக்‌ஷன் கண்ட்ரோல் (இழுவைக் கட்டுப்பாடு) விளக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்தே எரிகின்றன. வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டால், அடுத்த முறை ஓட்டும்போது தாமாகவே அணைந்துவிடுகின்றன. ஏபிஎஸ் பகுதியையும் படிக்கக்கூடிய ஸ்கேனரில் சி0035, அதாவது முன்பக்க இடது சக்கர வேக உணரி, என்ற குறி பதிவாகியிருந்தது. பணிமனையில் அந்த உணரியை மாற்றினார்கள். அடுத்த மழை வரை தொல்லை இல்லை. மழை வந்ததும் அதே குறி திரும்பிவிட்டது. இப்போது ஏபிஎஸ் கட்டுப்பாட்டு அலகையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் எதைச் சோதிக்கலாம்? உணரி இரண்டு கம்பிகள் கொண்டது. சக்கரத்தோடு சுழன்று உணரிக்கு வேகத்தைக் காட்டும் காந்த வளையம் பேரிங்கிலேயே அமைந்திருக்கிறது.

பணிமனைக்காரர்:
முதலில் மாட்டிய உணரியின் தரத்தைக் கேளுங்கள். மலிவான மாற்றுப் பாகங்களில் ஈரம் புகுந்து கெடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான் செய்வது எளிய வேலை: இடது உணரியைக் கழற்றி வலப்பக்கம் மாட்டுவேன், வலதை இடப்பக்கம் மாட்டுவேன். குறியும் வலப்பக்கம் மாறினால் உணரிதான் குற்றவாளி. மாறாமல் இடப்பக்கமே நின்றால், கம்பியில் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பேன். தொடர்ச்சியும் சரியாக இருந்தால் மீதமிருப்பது கட்டுப்பாட்டு அலகு மட்டுமே. வண்டியின் சொந்தக்காரர் காத்துக்கொண்டிருக்கும்போது, வரைபடத்தை விரித்து ஒவ்வொரு முனையையும் அளந்துகொண்டிருக்க எல்லாராலும் முடியாது. இந்த முறையில் பெரும்பாலான வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

அளவைமானி:
பெரும்பாலானவை சரியாவதை நான் மறுக்கவில்லை. சரியாகாத வண்டிதான் இங்கே கேள்வியாக வந்திருக்கிறது. சி0035 என்பது ஒரு பாகத்தின் பெயர் அன்று. கட்டுப்பாட்டு அலகில் தொடங்கி, கனெக்டர்கள், கம்பிகள், உணரி, காந்த வளையம் என்று செல்லும் ஒரு சுற்றின் பெயர். தவிர, உணரியை இடம் மாற்றும்போது நீங்கள் கனெக்டரையும் கழற்றி மாட்டுகிறீர்கள், கம்பியையும் அசைக்கிறீர்கள். அரிப்பால் பச்சை பூத்த முனை அந்த உராய்விலேயே சற்றுத் துடைபட்டுவிடும். கோளாறு சில நாள்கள் மறையும்; அந்தப் பெருமை புதிய உணரிக்குப் போய்ச் சேரும். ஆகவே இடமாற்றச் சோதனை சாட்சியத்தையே கலைத்துவிடக்கூடியது.

இன்னொன்றையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். பேரிங்கைப் பின்முன்னாக அழுத்திப் பொருத்தியிருந்தால் காந்த வளையம் உணரிக்கு எதிர்ப்புறம் போய்விடும், வேகமே தெரியாது. ஆனால் அந்தத் தவறு மழைக்காகக் காத்திருக்காது.

பணிமனைக்காரர்:
மழையில் வருவதால்தான் நானும் ஈரம் என்றேன். ஈரம் செம்பை அரிக்கும், அரிப்பு தடையைக் கூட்டும். அதை ஓம் மீட்டர் காட்டிவிடும். கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே அரை ஓம் காட்டினால் அந்தக் கம்பி நல்ல கம்பி. இதில் மறைந்திருக்க என்ன இருக்கிறது?

அளவைமானி:
மறைந்திருப்பது அங்கேதான். இந்த வகை உணரி தன் செய்தியை மின்னோட்டத்தால் சொல்கிறது: ஏறத்தாழ 7 மில்லியாம்பியர் ஒரு நிலை, 14 மில்லியாம்பியர் மறு நிலை. வளையத்தின் காந்த முனைகள் கடந்து போகப் போக இரண்டுக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும்; அந்த மாற்றங்களை எண்ணித்தான் கட்டுப்பாட்டு அலகு சக்கர வேகத்தை அறிகிறது. ஒரு சக்கரத்தின் வேகத்தை நம்ப முடியாதபோது, எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று ஒப்பிட வழியில்லை என்பதால், இழுவைக் கட்டுப்பாடு தன்னைத்தானே விலக்கிக்கொண்டு விளக்கை எரிக்கிறது.

இப்போது நீங்கள் தேடும் அரிப்பை எடுத்துக்கொள்வோம். முனையில் 10 ஓம் கூடுதல் தடை இருக்கிறது என்றால், 14 மில்லியாம்பியரில் அது விழுங்குவது 0.14 வோல்ட் மட்டுமே. மின்னோட்டத்தை நிர்ணயிப்பது உணரி என்பதால், அந்த இழப்பைச் சுற்று எளிதாகப் பொறுத்துக்கொள்ளும். மாறாக, தோலுரிந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஈரமும் சேறும் புகுந்து பாலம் போட்டால் என்ன ஆகும்? 12 வோல்ட்டில் வெறும் 1,700 ஓம் கசிவே 7 மில்லியாம்பியரைக் கூடுதலாக இழுத்துவிடும். உணரி 7 என்று சொல்லும்போது அலகுக்கு 14 என்று கேட்கும். நீளவாட்டில் அளந்தால் அதே கம்பி அரை ஓம் என்றுதான் காட்டும். ஏனென்றால் கோளாறு நீளவாட்டில் இல்லை, குறுக்குவாட்டில் இருக்கிறது.

சுற்றுப்பலகை:
கட்டுப்பாட்டு அலகுகளைப் பிரித்துப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் குறுக்கிடுகிறேன். என் மேசைக்கு வரும் அலகுகளில் பல, கோளாறே இல்லாதவை. அதே சமயம் "அலகு கெடவே கெடாது" என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். வெப்பத்தாலும் அதிர்வாலும் உள்ளே பற்றாசு இணைப்புகள் விரிசல் விடுவது உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கோளாறு பெரும்பாலும் சூட்டைப் பின்பற்றி வருமே தவிர, சாலையின் ஈரத்தைப் பின்பற்றி வராது.

சந்தேகம் இருந்தால் அலகை விசாரிக்க ஒரு வழி உண்டு. சாவியை அணைத்துவிட்டு, அலகின் கனெக்டர் அருகே அந்த ஒரு சக்கரத்துக்கான இரண்டு கம்பிகளையும் சுற்றிலிருந்து பிரித்து, உணரிக்குப் பதிலாக 1,500 ஓம் அளவிலான மின்தடை ஒன்றை இணையுங்கள். வண்டியை நகர்த்தாமல் சாவியை மட்டும் போட்டு, குறியை அழித்துப் பாருங்கள். நின்ற நிலையில் அலகு எதிர்பார்க்கும் மின்னோட்டம் ஏறத்தாழ கிடைத்துவிடுவதால், சுற்று அறுந்தது அல்லது ஷார்ட் ஆனது என்ற புகார் எழக்கூடாது. அப்போதும் எழுந்தால் அலகைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. ஓட்டினால் துடிப்புகள் வராது, வேறு குறி எழும். ஆகவே இது நின்ற வண்டிக்கு மட்டுமான சோதனை.

பணிமனைக்காரர்:
கம்பியை அலகின் அருகே பிரிப்பதா? நல்ல வயரிங்கைக் கெடுப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. அந்தக் கனெக்டரில் முனைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? தடித்த மீட்டர் முள்ளைச் செருகி முனையை விரித்துவிட்டு, புதிய கோளாறோடு வந்த வண்டிகள் எத்தனை!

சுற்றுப்பலகை:
அந்த எச்சரிக்கை முழுக்கச் சரி. முனைக்குப் பொருந்தும் அளவுள்ள சோதனைக் கம்பி இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம். ஆனால் அலகை மாற்றுவது இதைவிடச் சிறிய வேலை அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதிய அலகை அந்த வண்டிக்கு ஏற்பக் கோடிங் செய்ய வேண்டும், பல வண்டிகளில் ஸ்டீயரிங் கோண உணரியை மீண்டும் அளவிட்டுப் பதிய வேண்டும், ஹைட்ராலிக் பகுதியையும் சேர்த்துக் கழற்றினால் பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும்.

அளவைமானி:
அலகைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாவியை அணைத்து, உணரி முனை, அலகு முனை இரண்டையும் கழற்றிவிட்டு, இரண்டு கம்பிகளுக்கும் இடையேயும், ஒவ்வொன்றுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையேயும் ஓம் அளவிடுங்கள். உலர்ந்த நிலையில் மீட்டர் எல்லையற்ற தடை என்றே காட்ட வேண்டும். பிறகு சக்கர வளைவுக்குள் ஓடும் கம்பிமீது தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மீட்டரைக் கவனியுங்கள். உணரியையோ அலகையோ இணைத்து வைத்தபடி ஓம் அளக்கக்கூடாது. உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஓம் சோதனையில் மீட்டர் தரும் மின்னழுத்தம் மிகக் குறைவு என்பதால், பல ஆயிரம் ஓம் காட்டினால்கூட அதைக் கசிவு என்றே கொள்ளுங்கள்.

ஈரச்சாலை:
மின் வேலை தெரிந்த நண்பர் ஒருவரோடு சேர்ந்து அப்படியே செய்தேன். உலர்ந்தபோது மீட்டரில் எந்த அளவும் வரவில்லை. உணரிக் கனெக்டரின்மீது தெளித்தபோதும் மாற்றம் இல்லை. ஷாக் அப்சார்பரோடு கம்பியைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்பின் பின்புறம் தெளித்ததும் கம்பிகளுக்கிடையே நாலாயிரம் ஓம் அளவுக்கு இறங்கியது. கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் உறை தேய்ந்து, உள்ளே இரண்டு கம்பிகளின் காப்பும் ஒரே இடத்தில் உரிந்திருக்கின்றன.

பணிமனைக்காரர்:
அப்படியென்றால் அலகு தப்பித்தது. அந்த இடத்தை வெட்டி, ஈயம் பற்றவைத்து, டேப் சுற்றினால் வேலை முடிந்தது.

அளவைமானி:
அந்த இடத்தில் பற்றவைப்பதுதான் அடுத்த கோளாறுக்கு விதை. ஈயம் ஏறிய பகுதி விறைத்துப்போகும். சக்கரம் ஏறி இறங்கும்போதும் ஸ்டீயரிங் திரும்பும்போதும் வளைவது எல்லாம் அதன் ஓரத்தில் குவிந்து, இழைகள் ஒவ்வொன்றாக அறும். கனெக்டரோடு சேர்ந்த முழுத் துண்டும் பாகமாகக் கிடைத்தால் அதை மாற்றுவதே முறை.

பணிமனைக்காரர்:
எல்லா மாடலுக்கும் அந்தத் துண்டு தனியாகக் கிடைப்பதில்லை. முழு வயரிங்கையும் வாங்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். சரி, பற்றவைப்பை விட்டுவிடுவோம். கிளாம்புக்கு இருபுறமும் நெடுகத் தள்ளி, கம்பி அசையாத இடங்களில் வெட்டி, புதிய கம்பிகளைச் சேர்த்து, கிரிம்ப் (அழுத்தி இறுக்கும் உலோக இணைப்பு) போட்டு, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடலாம். இரண்டு கம்பிகளின் இணைப்புகளும் அருகருகே வராமல் முன்பின்னாக இருக்க வேண்டும்.

அளவைமானி:
அதற்கு எனக்கு மறுப்பு இல்லை. கம்பியின் செம்பு வெட்டிய இடத்தில் பளிச்சென்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கறுத்திருந்தால், ஈரம் இழைகளின் வழியே உள்ளே ஏறியிருக்கிறது, இன்னும் தள்ளி வெட்ட வேண்டும். சக்கர வளைவின் உறையை மூடுவதற்கு முன் அதே தண்ணீர்ச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். பிறகு ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரின் நேரடித் தரவில் நான்கு சக்கர வேகங்களையும் நேர்ச்சாலையில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முன்னிடது எண் மட்டும் நொடிப்பொழுது பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால், அந்தச் சுற்றில் இன்னும் ஏதோ கோளாறு மிச்சமிருக்கிறது என்று பொருள்.