ஐம்பாலா, மூன்று பாலா? வேலூர்ச் சொற்பட்டியலுக்கு எந்தப் பெயர்?

பாலாற்றுமணல்:
வேலூர்ப் பக்கத்துத் தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் வைத்துச் சொற்பட்டியல் போடுகிறவர்கள் ஆண், பெண், அஃறிணை என்று ஒரே பத்தி (நெடுவரிசை) வைக்காதீர்கள். உருதுவில் தர்வாஸா (கதவு) ஆண், கிட்கீ (ஜன்னல்) பெண். அஃறிணைக்கு அங்கே இடமே இல்லை. தமிழில் முதல் பிரிவு திணை, பால் அதற்குள் வருவது. ஆப்பிரிக்க மொழிகளுக்குப் 'பெயர் வகுப்பு' என்று தனிப்பெயர் வைத்தவர்கள், நமக்கு மட்டும் 'ஜெண்டர்' என்ற ஐரோப்பியச் சட்டையை மாட்டிவிட்டார்கள். தமிழையும் வகுப்பு என்றே குறிக்க வேண்டும்.

சித்தூர்ரோடு:
பெயர் எதுவானாலும் சோதனை ஒன்றுதான் சார். பெயர்ச்சொல்லை மாற்றினால் பக்கத்துச் சொல் மாறுகிறதா? மொழியியலாளர்கள் ஹாக்கெட் 1958லும் கார்பெட் 1991லும் சொன்னது இதுதான். அப்படிப் பார்த்தால் பாலும் வகுப்பும் ஒரே சரக்கு. கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் 'கிதாபு கிமெஅங்குகா' என்றால் புத்தகம் விழுந்தது, 'விதாபு விமெஅங்குகா' என்றால் புத்தகங்கள் விழுந்தன. கி- 7ஆம் வகுப்பு, வி- 8ஆம் வகுப்பு என்று ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி எண். ஆப்பிரிக்க மொழிகளை ஆராய்ந்த பிளீக் 1862ல் தொடங்கிய வழக்கம். வகுப்புகளின் தொகை பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

நம்ம ஐம்பாலும் அதே கணக்குதானே? ஒருமைக்கு மூன்று, பன்மைக்கு இரண்டு. ஜோடி சேர்த்தால் அவன்–அவர், அவள்–அவர், அது–அவை, மொத்தம் மூன்று. பட்டியலில் எந்தக் கணக்கு என்று எழுதாமல் 5 என்றும் 3 என்றும் போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

பாலாற்றுமணல்:
தமிழில் பொருள் தெரிந்தால் பால் தெரிந்துவிடும். உருதுவில் கிதாப் (புத்தகம்) ஏன் பெண் என்று பொருளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே தலைப்பு போட்டால் அந்த வித்தியாசம் மறைந்துபோகிறதே.

சித்தூர்ரோடு:
அதற்கு இன்னொரு பத்தி போடுங்கள்: எதை வைத்துப் பால் தீர்மானமாகிறது, பொருளா, சொல்லின் வடிவமா? இரண்டையும் குழப்பினால் சுவாஹிலி 'கிபோஃபு'வில் மாட்டிக்கொள்வீர்கள். பார்வையற்றவர் என்று பொருள், முன்னால் கி- இருக்கிறது, ஆனால் வினை 'அமெஅங்குகா' என்று மனிதர்க்கு உரிய 1ஆம் வகுப்பில் வரும். இங்கேயும் குழந்தை மனிதப் பிறவிதான், வினை 'அழுதது'.

கேள்வித்தாள் போடும்போது சட்டகத்தை, அதாவது பெயரை வைத்துக் கேட்கும் வாக்கியத்தை, கவனியுங்கள். 'வரலை', 'வேணும்', 'முடியும்' எல்லாம் பால் காட்டாது. அவன் வரலை, மாடு வரலை என்று பதிவுசெய்துவிட்டுத் தமிழில் பாலே இல்லை என்று முடிவு கட்டலாம்! இறந்தகால உடன்பாட்டு வினை வையுங்கள், ஒருமை பன்மை இரண்டிலும். தெலுங்குக்கு இது ரொம்ப முக்கியம். 'வாடு வச்சாடு' (அவன் வந்தான்), ஆனால் 'ஆமெ வச்சிந்தி' (அவள் வந்தாள்), 'ஆவு வச்சிந்தி' (பசு வந்தது). ஒருமையில் பெண்ணும் பசுவும் ஒன்று. பன்மையில் பெண்கள் ஆண்களோடு 'வச்சாரு' பக்கம் போய்விடுவார்கள், பசுக்கள் 'வச்சாயி'. ஒருமையை மட்டும் கேட்டால் இரண்டு பால்தான் கிடைக்கும். ஜோடி சேர்த்தால் மூன்று.

ஆம்பூர்வாசி:
அப்படியென்றால் நம்ம ஊர்ப் பேச்சில் 'அந்தப் பொண்ணு வந்துச்சு' என்கிறார்களே? அதுவும் தெலுங்குக் கணக்கில் சேருமா? 1911 வரை வட ஆற்காட்டின் தலைமையிடமே சித்தூர். ஒட்டுறவு இல்லாமலா இருக்கும்?

சித்தூர்ரோடு:
சேராது. 'பொண்ணு வந்தா' என்றும் சொல்லலாம். தெலுங்கு ஒருமையில் பெண்ணுக்குத் தனி முடிவு கிடையாது, மரியாதைக்கு 'வச்சாரு' என்றால் அது பன்மை வடிவம். இங்கே இருப்பது விருப்பம், அங்கே கட்டாயம். தவிர 'பொண்ணு வந்துச்சு' சித்தூர்ப் பக்கமே போகாத தென்மாவட்டங்களிலும் உண்டு.

பாலாற்றுமணல்:
விருப்பம் என்று சுலபமாகத் தள்ளாதீர்கள். 'மாடுங்க வந்துச்சு' என்பதில் பலவின்பால் வினைமுடிவு ஏற்கெனவே போய்விட்டது. உங்கள் ஜோடிக் கணக்கில் மூன்று மாறாது, ஐம்பால் கணக்கில்தான் நாலாகக் குறைவது தெரியும். மூன்று என்று மட்டும் எழுதினால் அந்த இழப்பு எந்தப் பத்தியில் வரும்?

சித்தூர்ரோடு:
வினைமுடிவுக்கு ஒரு பத்தி, பெயர்ச்சொல்லுக்கு ஒரு பத்தி. முதலாவதில் 4, இரண்டாவதில் 3. தலைப்பு வகுப்பு என்றே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. உருதுவுக்கும் அதையே போட வேண்டும், அதற்கு ஒப்புக்கொள்கிறீர்களா?

பாலாற்றுமணல்:
உருதுவுக்குப் போட மாட்டேன்.