மாடி வீட்டு வளைகாப்புப் படங்கள் என் கம்ப்யூட்டரில்

வேளச்சேரிவாசி:
2012-ல் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டில் இன்டர்நெட் என்றால் தெருக் கேபிள்காரர்தான். மொட்டை மாடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் பல வீட்டு வயர்களை ஒன்றாக இணைக்கும் ஒரு சுவிட்ச், அதிலிருந்து வீட்டுக்கு ஒரு நீல லேன் வயர். எங்கள் வயரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டுப் போய்விட்டார். ஒருநாள் தற்செயலாக 'நெட்வொர்க்' ஐகானை அமுக்கினேன். ஆறு கம்ப்யூட்டர் பெயர்கள் வரிசையாக வந்தன. எங்கள் வீட்டில் இருந்ததோ ஒன்றுதான். இன்னொன்றைத் திறந்தால் 'வளைகாப்பு' என்று ஒரு ஃபோல்டர், பக்கத்திலேயே 'பேங்க்'. அந்த வளைகாப்பில் நானும் சாப்பிட்டிருக்கிறேன், மூன்றாம் மாடி.

மேலே போய்ச் சொன்னதும் அந்த அக்காவுக்கு முகமே வெளிறிவிட்டது. கேபிள்காரரைக் கேட்டால், "எல்லாம் ஒரே சுவிட்ச் சார், யார் பார்க்கப் போறா?" என்றார். நான்தான் பார்த்துவிட்டேனே! சுவிட்சிலேயே வீடுகளைத் தனித்தனியாகப் பிரித்திருக்கலாம். அதற்கு அவருக்கு நேரமில்லை. அன்று சாயங்காலமே இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு ரவுட்டர் வாங்கி வயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வைத்தோம். அப்புறம் மற்ற ஐந்து பெயர்கள் தெரியவில்லை.

கோவைக்காரி:
அப்போ ஃபைபரும் அதே கதைதானா? எங்கள் தெருக் கம்பத்தில் ஒரு ஃபைபரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், அதிலிருந்துதான் 32 வீட்டுக்குப் போகிறது என்றார் மாட்ட வந்த தம்பி.

லைன்மேன் தாத்தா:
டெலிபோன் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன் அம்மா. டெலிபோன் கம்பி வழியே இன்டர்நெட் வரும் டிஎஸ்எல்லில் எக்ஸ்சேஞ்ச் வரை உங்களுக்கென்று தனிக் கம்பி ஜோடி. ஆனால் நடுவில் பல வீட்டுக் கம்பிகள் சேரும் டிபி பாக்ஸ் பூட்டில்லாமல் தொங்கும். அதில் டெஸ்ட் போனை மாட்டி ஊர்ப் பேச்சைக் கேட்ட ஆட்களை எனக்குத் தெரியும். டேட்டா காதில் விழாது, அவ்வளவுதான்.

ஃபைபரில் உங்களுக்கு வரும் வெளிச்சம் 32 வீட்டுப் பெட்டிக்கும் போகும். ஒவ்வொரு பெட்டியும் தனக்கானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பெட்டிக்கு ஒரு சாவி வைத்து ஏஇஎஸ்-128 என்ற ரகசியக் குறியீட்டு முறையில் பூட்டலாம். கம்பெனிக்காரர் அதை ஆன் செய்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்புவது பக்கத்து வீட்டுக்குப் போகாது. கம்பெனிக்கு மட்டும் எந்தெந்த வெப்சைட் பெயரைக் கேட்டீர்கள் என்பது வெப்சைட் பெயரை ஐபி நம்பராக மாற்றித் தரும் சாதாரண டிஎன்எஸ்ஸில் தெரியும்; கம்பியானாலும் கண்ணாடியானாலும் அதில் மாற்றமில்லை.

கோவைக்காரி:
நன்றி தாத்தா. வெளிச்சத்தை விடுங்கள், எங்கள் பிரச்சினையே வேறு. அந்தத் தம்பி வைஃபை பாஸ்வேர்டாக என் போன் நம்பரையே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எதிர்வீட்டில் விசாரித்தால் அங்கே அவர்கள் நம்பர். தெரு முழுக்க அதே ஃபார்முலா! ரவுட்டர் செட்டிங்குக்குள் போக யூசர் நேமும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்.

தென்காசி மாமா:
நான் கடையில் டவரிலிருந்து காற்று வழி வரும் 5ஜி ஏர் கனெக்‌ஷனுக்கு மாறியதும் கடை கேமராவை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை. சிஜிநேட்டாம், பல வீட்டுக்கு ஒரே வெளி ஐபி (இன்டர்நெட் முகவரி); அதனால் வெளியிலிருந்து நேராக என் கேமராவுக்கு வர முடியாது. முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் பழைய டிஎஸ்எல்லில் கேமராவுக்காக வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழி (போர்ட்) திறந்து வைத்திருந்தபோது, யார் உள்ளே வரப் பார்த்தார்கள் என்று காட்டும் பதிவுப் பக்கத்தில் ராத்திரி முழுக்க யார் யாரோ லாகின் செய்ய முயன்றிருந்தார்கள். இப்போது அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளி ஐபி தரும் ஐபிவி6 வந்தால் அந்த மறைப்பு போய்விடும், வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறான் மருமகன். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்ததும் பார்க்க வேண்டும்.