புதுப்பிப்பு: பூச்சு வேலைப் பயிற்சி, தம்பி சேர்ந்துவிட்டான்

சுவருக்குச் சிமெண்ட் பூசும் வேலை கற்க தம்பி பணம் கட்டி இரண்டு வாரப் பயிற்சிக்குப் போகலாமா, மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேரலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "முதலில் அந்தப் பயிற்சியில் பூசிப் பழகும் சுவரைப் பாருங்கள்" என்றவருக்கு மிக்க நன்றி.

போய்ப் பார்த்தோம். பத்துப் பேருக்கு ஒரே சுவர், மீதியெல்லாம் வீடியோ. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இப்போது மூன்று மாதப் பயிற்சி ஒன்றில் இருக்கிறான். தினமும் பூசி, சுரண்டி எடுத்து, மறுபடி பூச வேண்டும். உட்சுவருக்கு 12 மி.மீ. கனம், 1:6 கலவை (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்); சீலிங்குக்கு 6 மி.மீ., 1:4. பூச்சின் கனம் காட்ட லெவல் புள்ளி வைத்து, அதற்குச் சமமாக மட்டக்கோல் இழுப்பது சரியாக வருகிறதாம். பூச்சைச் சமன் செய்யும் மணியாஸ் கட்டையால் தேய்ப்பதில்தான் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறான். முடிந்ததும் மேஸ்திரியிடம் அனுப்புகிறோம், சித்தாளாக இல்லை, கரண்டி பிடித்துப் பூசும் ஆளாக.