தம்பியின் ஒப்பந்த நீட்டிப்பு: நவம்பர் 30-க்குள் கையெழுத்துப் போட்டுவிடலாமா?

கேள்வி: கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

வணக்கம். நான் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறவன். எனக்குக் கால்பந்து பார்க்கத் தெரியுமே தவிர, அந்தத் தொழிலின் கணக்கு வழக்கு தெரியாது. என் தம்பி தொழில்முறை ஆட்டக்காரன், வயது 24, லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் இடத்தில் ஆடுகிறான். ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் பந்தைத் தொட்டவன், இப்போது வெளிமாநிலக் கிளப் ஒன்றில் இருக்கிறான். அவனுடைய ஒப்பந்தம் வருகிற மே 31-ஆம் தேதியோடு முடிகிறது. போன வாரம் கிளப்பிலிருந்து நீட்டிப்புக்கான தாள்கள் வந்தன. இரண்டு ஆண்டு நீட்டிப்பு. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கால் பங்கு கூடுதல். மூன்றாவது ஆண்டு கிளப் விரும்பினால் மட்டும், அதே சம்பளத்தில். ஜூன் மாதம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் நீட்டிப்பு நடைமுறைக்கு வரும் என்று ஒரு பிரிவும் உண்டு. நவம்பர் 30-க்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று கேட்கிறார்கள்.

எனக்கு உள்ள சங்கடம் பணத்தைப் பற்றியதன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தம்பிக்கு முழங்காலில் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒன்பது மாதம் அவன் களத்தில் இறங்கவில்லை. அந்த ஒன்பது மாதமும் கிளப் சம்பளத்தை நிறுத்தவில்லை. மருத்துவமனைச் செலவையும் அவர்களே கட்டினார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்க்கப்பட்ட வீடு எங்களுடையது. ஆனால் அவனுடைய ஏஜெண்ட், "கையெழுத்துப் போடாதீர்கள், பொறுங்கள்" என்கிறார். அவர் தம்பிக்காகச் சொல்கிறாரா, தன் கமிஷனுக்காகச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. நேற்றிரவு மெருகுப் பட்டடையிலேயே தாள்களை விரித்து வைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். விரலில் ஒட்டியிருந்த வெள்ளித் தூள் பட்டு அந்த மூன்றாம் ஆண்டுப் பிரிவின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தடம் விழுந்ததுதான் மிச்சம். தம்பியைக் கேட்டால், "நீ சொல்றபடி செய்யறேன் அண்ணா" என்கிறான். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: காந்தி மைதானம்

கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நான் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். நம் நாட்டுக் கால்பந்தின் நிலைமையை வைத்துச் சொல்கிறேன். 2025 ஜூலையில் நாட்டின் முதல்நிலைத் தொடரான இந்தியன் சூப்பர் லீகின் அடுத்த பருவத்தை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான 15 ஆண்டு உரிம ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிக்காமல் இழுத்தடித்ததால் ஆகஸ்டில் சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. இப்படிப்பட்ட ஊரில், முழங்காலில் தழும்பு உள்ள ஒரு லெஃப்ட் பேக்குக்கு இரண்டு ஆண்டுச் சம்பளத்தை எழுதிக் கொடுக்க ஒருவர் முன்வருகிறார் என்றால், அதை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடிபட்ட காலத்தில் கைவிடாத கிளப் என்பது சின்ன விஷயமா?

பதில் 2: வக்கீல் குமாஸ்தா, அஸ்தம்பட்டி

பயிற்சியாளர் ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நவம்பர் 30 என்ற தேதியை அவர் கவனிக்கவில்லை. அந்தத் தேதியைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் ஆட்டக்காரர் தகுதி மற்றும் இடமாற்ற விதிகளில் 18-ஆவது விதி என்ன சொல்கிறது என்றால், நடப்பு ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தாலோ, முடிய ஆறு மாதமே மீதி இருந்தாலோ, ஆட்டக்காரர் வேறு கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அவரை அணுகும் கிளப், பேச்சைத் தொடங்குமுன் இப்போதைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தம்பியின் ஒப்பந்தம் மே 31-இல் முடிகிறது. ஆறு மாதத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்: டிசம்பர் 1. அதாவது, அவர் வேறு இடத்தில் கையெழுத்துப் போடும் உரிமை பெறுவதற்கு முந்தின நாளை கிளப் கெடுவாக வைத்திருக்கிறது. அதில் தவறில்லை, அவர்கள் நலனை அவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கெடு அவர்களுக்குத்தான் அவசரம், உங்களுக்கு அன்று.

மருத்துவப் பரிசோதனைப் பிரிவுக்கு வருவோம். அதே 18-ஆவது விதியின் நான்காம் உட்பிரிவு, ஒப்பந்தத்தின் செல்லுபடியை மருத்துவப் பரிசோதனையில் தேறுவதோடு முடிச்சுப் போடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பரிசோதிக்க வேண்டுமானால் கையெழுத்துக்கு முன்பே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதப் பரிசோதனை என்று விட்டால் என்ன ஆகும்? மே 31-இல் பழைய ஒப்பந்தம் முடிந்துவிடும். புதியது பரிசோதனைக்காகக் காத்திருக்கும். இடையில் வந்த மற்ற வாய்ப்புகளையெல்லாம் தம்பி தட்டிக் கழித்திருப்பார். ஏற்கெனவே முழங்காலில் கத்தி பட்டவருக்கு அந்தப் பிரிவு யாருக்குச் சாதகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் அடிக்க வேண்டிய வரி அதுதான்.

மூன்றாவது, நீட்டிப்பு என்ற சொல் சாதுவாகத் தெரிந்தாலும் அதற்கு ஒரு வால் உண்டு. 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தத்துக்கு மூன்று பருவம் அல்லது மூன்று ஆண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை, பாதுகாப்புக் காலம் என்று பெயர். அந்தக் காலத்துக்குள் தக்க காரணமில்லாமல் ஒப்பந்தத்தை முறித்தால் இழப்பீட்டோடு, ஆடத் தடையும் வரும். ஒப்பந்தத்தை நீட்டித்தால் அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2024-இல் இந்திய ஆட்டக்காரர் அன்வர் அலி, கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்புடனான நான்கு ஆண்டு லோன் ஒப்பந்தத்தை (தன் கிளப்பிலிருந்து இரவலாகப் போய் ஆடும் ஒப்பந்தம்) முறித்துக்கொண்டு அதே ஊரின் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது, கூட்டமைப்பின் ஆட்டக்காரர் தகுதிக் குழு நான்கு மாதத் தடையும் 12.90 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்தது. சில நாள்களில் விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த ஆணை நின்றுபோனது என்பது வேறு கதை. கையெழுத்துக்குப் பின் மனம் மாறுவது எவ்வளவு செலவான காரியம் என்பதற்காகச் சொன்னேன்.

பதில் 3: ஒண்டிக்கடை மிளகு, ஏற்காடு

எனக்குப் பந்து தெரியாது, குத்தகை தெரியும். எங்கள் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளை மூன்று பருவத்துக்குக் குத்தகைக்கு விட்டோம். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், குத்தகைதாரர் விரும்பினால் அதே தொகைக்கு இன்னொரு பருவம் என்று ஒரு வரி இருந்ததை என் அப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் பருவத்தில் மிளகு விலை ஏறியது. குத்தகைதாரர் அந்த வரியைக் காட்டினார். விலை இறங்கியிருந்தால் அவர் மலைக்கே வந்திருக்க மாட்டார். கொடி எங்களுடையது, முடிவு மட்டும் அவருடையது. உங்கள் தாளில் வெள்ளித் தூள் படிந்த அந்தப் பிரிவை நன்றாகப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மீண்டும் கேள்வியாளர்

மூவருக்கும் நன்றி. நவம்பர் 30 விவரத்தைத் தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. குமாஸ்தா ஐயாவிடம் இன்னும் இரண்டு கேள்விகள். மூன்றாம் ஆண்டுப் பிரிவை முழுதாக எடுக்கச் சொன்னால் கிளப் முகம் சுளிக்காதா? இன்னொன்று, நாளைக்குச் சம்பளம் நின்றால் தம்பி மாட்டிக்கொள்வானா?

பதில் 4: வக்கீல் குமாஸ்தா, அஸ்தம்பட்டி

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராமல் நின்றால், ஆட்டக்காரர் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள்ளும் பணம் வராவிட்டால் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதிகளின் 14-பிஸ் (14-ஆவதை அடுத்துச் சேர்த்த விதி) சொல்கிறது. வாட்ஸ்அப்பில் புலம்புவது அறிவிப்பு ஆகாது. கடிதமோ மின்னஞ்சலோ வேண்டும். இரு தரப்பும் இந்தியர்கள் என்பதால் வழக்கு ஃபிஃபாவுக்குப் போகாது, கூட்டமைப்பின் குழுவுக்குத்தான் போகும்.

விருப்ப ஆண்டைப் பொறுத்தவரை, அது யார் கையில் இருக்கிறது என்பதே எல்லாம். பிரெஞ்சு ஆட்டக்காரர் கிலியான் எம்பாப்பே 2022 மே மாதம் பாரிஸ் சாங் ஜெர்மன் கிளப்போடு ஒப்பந்தத்தை நீட்டித்தபோது, 2024-க்கு மேல் ஓராண்டு கூட்டிக்கொள்ளும் விருப்பத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார். 2023 ஜூனில் அது வேண்டாம் என்று கடிதம் எழுதினார். 2024-இல் இடமாற்றத் தொகை (புதிய கிளப் பழைய கிளப்புக்குக் கொடுப்பது) எதுவும் இல்லாமல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிடுக்குப் போனார். அதே விருப்பம் கிளப்பின் கையில் இருந்திருந்தால், ஓராண்டு இருந்தாக வேண்டும், அல்லது வாங்குகிறவர் பணம் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் எகிப்து ஆட்டக்காரர் முகமது சாலாவும் பொறுத்தவர்தான்: கடைசி ஆறு மாதத்துக்குள் நுழைந்த பிறகும் கையெழுத்துப் போடாமல் இருந்து, 2025 ஏப்ரலில் 2027 வரை நீட்டித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பருவத்தில் அவர் கோல்களாகக் குவித்துக்கொண்டிருந்தார் என்பதை மறந்து உங்கள் தம்பி அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம். பயிற்சியாளர் ஐயா அஞ்சுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே பிரிவை எடுக்கச் சொல்லிச் சண்டை போடாமல், அதற்குக் கடிவாளம் போடுங்கள். கிளப் மட்டும் பயன்படுத்தக்கூடிய இப்படிப்பட்ட பிரிவு வழக்குக்கு வரும்போது, நீட்டிப்பு ஆண்டின் சம்பளம் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா, அது முன்னதைவிட உயர்ந்ததா, எந்தத் தேதிக்குள் கிளப் முடிவைத் தெரிவிக்க வேண்டும், ஆட்டக்காரர் முழுக்க முழுக்க கிளப்பின் தயவில் விடப்பட்டாரா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். எனவே, மூன்றாம் ஆண்டுக்கு உயர்ந்த சம்பளத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். கிளப் தன் விருப்பத்தை இரண்டாம் ஆண்டு நவம்பர் 30-க்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பிடித்த தேதிதானே. நன்றிக்கடன் வேறு, நன்றிக்கடனுக்காகச் செல்லாத பிரிவில் கையெழுத்துப் போடுவது வேறு. அடிபட்ட காலத்தில் சம்பளம் கொடுத்தது ஒப்பந்தம் நடப்பில் இருந்ததால். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, பலர் அதையும் செய்வதில்லை.

பதில் 5: காந்தி மைதானம்

தேதி விவகாரம் எனக்கு உறைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிசம்பர் முழுக்க ஏஜெண்ட் சொல்கிறபடி பொறுத்திருக்கவும் வேண்டாம். யார் யார் கேட்கிறார்கள், எந்தக் கிளப், எவ்வளவு என்று அவரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமுடியாத வாய்ப்பை வாய்ப்பாக எண்ணாதீர்கள்.

மீண்டும் கேள்வியாளர்

டிசம்பர் 12. கேட்ட இடத்திலேயே முடிவையும் எழுதிவிடுகிறேன். ஏஜெண்ட் எதையும் எழுதித் தரவில்லை. நவம்பர் 28-இல், நீட்டிப்பில் விருப்பம் உண்டு, மூன்று திருத்தம் வேண்டும் என்று தம்பி பெயரில் மின்னஞ்சல் அனுப்பினோம். ஆறு நாள் பதில் இல்லை. அந்த ஆறு நாளும் எங்கள் அம்மா என்னோடு பேசவில்லை. பிறகு கிளப் மேலாளரே தொலைபேசியில் கூப்பிட்டார். ஜூன் பரிசோதனைப் பிரிவை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இந்த வாரமே முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்; அவர்கள் மருத்துவர் திருப்தி தெரிவித்துவிட்டார். மூன்றாம் ஆண்டுக்கு இன்னும் பத்தில் ஒரு பங்கு சம்பளம் கூடுகிறது. தேதியில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: நவம்பர் 30-க்குப் பதிலாக ஜனவரி 31 என்று எழுதியிருக்கிறார்கள். தம்பி சரி என்று சொல்லிவிட்டான். நாளை மறுநாள் கையெழுத்து. கூட்டமைப்பின் பதிவில் ஏற்றியதும், பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிட்ட நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.